குவாண்டம் கணனி எவற்றால் ஆனது?

குவாண்டம் கணனி பற்றிய செய்திகளுடன் பெரும்பாலும் ஒரே வகையான நிழற்படமே வெளியிடப்படுகின்றது. கூரையிலிருந்து தொங்கும் பொன்னிறச் சரவிளக்கைப் போன்று, அடுக்கடுக்கான வட்டத் தட்டுகளும் அவற்றை ஊடறுத்துச் செல்லும் மெல்லிய குழாய்களும் கம்பிகளுமாக அது காட்சியளிக்கும். இதுவே குவாண்டம் கணனி என வாசகர் எண்ணிக்கொள்வது இயல்பானதே. உண்மையில் அப்படத்தில் காணப்படுவது ஒரு குளிர்சாதனத்தின் உட்பகுதியாகும். கணிப்பைச் செய்யும் சிப்போ அதன் அடித்தட்டில், உலோகக் கவசமொன்றினுள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் மறைந்திருக்கின்றது.

இத்தவறான எண்ணம் படத்துடன் நின்றுவிடுவதில்லை. புதிய சிப் ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம் அதிலுள்ள கியூபிட்களின் எண்ணிக்கையே தலைப்புச் செய்தியாகின்றது. இருக்கைகளை மட்டும் எண்ணிப் பார்த்து ஒரு பஸ் வண்டியின் தரத்தைத் தீர்மானிப்பதற்கு இது ஒப்பானதாகும். குவாண்டம் கணனி என்பது தனியொரு சிப் அன்று. குளிர்சாதனம், கம்பிகள், நுண்ணலை இலத்திரனியல், சாதாரண கணனிகள், பல அடுக்கு மென்பொருள்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததொரு தொகுதியே அது. அவற்றுள் மிகவும் பலவீனமான உறுப்பு எதுவோ அதுவே முழுத் தொகுதியின் ஆற்றலையும் நிர்ணயிக்கின்றது. ஆகவே இத்துறையில் வெளியாகும் அறிவிப்புகளை எடைபோட விரும்புவோர் அதன் உறுப்புகளை ஒழுங்காக அறிந்திருத்தல் அவசியம்.

கியூபிட் எனும் அடிப்படை அலகு

சாதாரண கணனியின் அடிப்படை அலகு பிட் ஆகும். அது 0 அல்லது 1 ஆகிய இரண்டில் ஒன்றாகவே இருக்கும். குவாண்டம் கணனியின் அடிப்படை அலகான கியூபிட், இவ்விரு நிலைகளினதும் மேற்பொருந்துகையில் இருக்கக்கூடியது. கியூபிட்கள் பல ஒன்றோடொன்று பின்னிப்பிணையும்போது அவற்றின் கூட்டு நிலையை விபரிக்கத் தேவையான எண்களின் தொகை, ஒவ்வொரு கியூபிட்டும் சேரச் சேர இரு மடங்காகின்றது. 50 கியூபிட்களின் நிலையை முழுமையாக எழுதிவைக்க ஏறத்தாழ 1,125 டிரில்லியன் எண்கள் வேண்டும். இயற்கையின் இத்தகைய நடத்தையைச் சாதாரண கணனியினால் பின்பற்ற முடியாதாகையால், குவாண்டம் விதிகளின்படியே இயங்கும் கணனியொன்று தேவை என்ற கருத்தை அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1981ஆம் ஆண்டு முன்வைத்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டொயிச் 1985இல் அதற்குரிய பொதுவான கோட்பாட்டு வடிவத்தை அளித்தார்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். குவாண்டம் கணனி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பரீட்சித்துச் சரியானதைத் தந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகின்றது. அது சரியன்று. 50 கியூபிட்களை அளவிடும்போது கிடைப்பது 50 பிட்கள் மட்டுமே. ஏனையவை அக்கணத்திலேயே அழிந்துவிடுகின்றன. இரு நீரலைகள் சந்திக்குமிடத்தில் ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் அடங்கியும் தோன்றுவதைப் போல, பிழையான விடைகள் ஒன்றையொன்று அழித்துச் சரியான விடை ஓங்குமாறு தலையீட்டை ஒழுங்கு செய்வதே குவாண்டம் படிமுறைகளின் நுட்பமாகும். அவ்வாறு ஒழுங்கு செய்யக்கூடிய கணக்குகள் சிலவே இதுவரை கண்டறியப்பட்டுள்ளன.

ஐந்து நிபந்தனைகள்

எத்தகைய பொருளைக் கொண்டு கியூபிட் செய்யலாம்? ஐ.பி.எம். நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய டேவிட் டிவின்சென்சோ 2000ஆம் ஆண்டு இதற்கு ஐந்து நிபந்தனைகளை வகுத்தார். கியூபிட்கள் நன்கு அறியப்பட்டவையாகவும் எண்ணிக்கையிற் பெருக்கக்கூடியவையாகவும் இருத்தல் வேண்டும். அவற்றை ஒரு தொடக்க நிலைக்குக் கொண்டுவர இயல வேண்டும். அவற்றின் குவாண்டம் நிலை, ஒரு செயலைச் செய்ய எடுக்கும் நேரத்தைவிட மிக நீண்ட காலம் குலையாதிருக்க வேண்டும். எந்தக் கணிப்பையும் கட்டியெழுப்பப் போதுமான தர்க்கப் படலைகள் வேண்டும். இறுதியில் ஒவ்வொரு கியூபிட்டையும் தனித்தனியே அளவிட இயல வேண்டும்.

இவ்வைந்தும் ஒன்றுக்கொன்று முரண்படுபவை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும். நிலை குலையாதிருக்க வேண்டுமாயின் கியூபிட்டை வெளியுலகிலிருந்து முற்றாகத் தனிமைப்படுத்த வேண்டும். அதனைக் கட்டுப்படுத்தவும் அளவிடவும் வேண்டுமாயின் வெளியுலகுடன் இணைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான இணக்கமே ஒவ்வொரு வகை வன்பொருளும் ஆகும்.

நான்கு வகை வன்பொருள்கள்

முதலாவது வகை மீகடத்திச் சுற்றுகளாகும். கூகிள், ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. சிலிக்கன் அல்லது நீலக்கல் தகட்டின்மீது அலுமினியம், நியோபியம் போன்ற உலோகங்களால் இச்சுற்றுகள் வரையப்படுகின்றன. இங்கு பயன்படும் நீலக்கல் செயற்கையாக வளர்க்கப்படுவது எனினும், இரத்தினபுரியில் அகழப்படும் நீலக்கல்லும் அதே அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்குதான். சுற்றின் இதயமாக விளங்குவது ஜோசப்சன் சந்தியாகும். இரு மீகடத்திகளுக்கிடையே சில நனோமீற்றர் தடிப்புள்ள காவலிப்படை ஒன்று இருப்பினும் மின்னோட்டம் அதனூடாகச் செல்லும் என 1962இல் எதிர்வுகூறியவர், கேம்பிரிட்ஜில் அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த பிரையன் ஜோசப்சன். கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள மின்சுற்றும் குவாண்டம் விதிகளுக்கு அமையும் என்பதை 1980களில் பரிசோதனையால் நிறுவிய ஜோன் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜோன் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வகைக் கியூபிட்கள் வேகமானவை. ஒரு படலை சில பத்து நனோசெக்கன்களில் நிறைவேறும். ஆயின் அவற்றின் நிலை பெரும்பாலும் ஒரு செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்கு அளவான காலத்துக்குள் குலையத் தொடங்கிவிடுகின்றது.

இரண்டாவது வகை அயன் பொறிகள். இற்றர்பியம், பேரியம், கல்சியம் போன்றவற்றின் நேரேற்றமுள்ள அயன்கள் மின்புலங்களினால் வெற்றிடத்தில் அந்தரத்தில் நிறுத்தப்பட்டு, லேசர்க் கதிர்களால் இயக்கப்படுகின்றன. இயற்கையின் ஆக்கமாதலால் ஓர் அயனுக்கும் மற்றோர் அயனுக்கும் வேறுபாடில்லை. அவற்றின் நிலை பல செக்கன்கள் நீடிக்கும். ஆயின் படலைகள் மீகடத்திகளைவிடப் பன்மடங்கு மந்தமானவை.

மூன்றாவது, ஏற்றமற்ற அணுக்கள். ரூபீடியம் போன்ற அணுக்களை லேசர்க் குவியங்களில் ஒவ்வொன்றாகப் பிடித்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, வரிசைப்படுத்துகின்றனர். நான்காவது, ஒளித்துணிக்கைகளான போட்டன்கள். இவை சாதாரண வெப்பநிலையிலேயே பயணிக்கக்கூடியவை எனினும், அவற்றை ஒவ்வொன்றாக இனங்காணும் மீகடத்தி உணரிகளைக் குளிரூட்டியே ஆக வேண்டும். அத்துடன் வழியில் தொலைந்துபோகும் போட்டன்களும் இவ்வகையின் பெருந்தடையாக உள்ளன. இந்நான்கில் எது வெல்லும் என்பது இன்னும் தீர்மானிக்கப்படாத வினாவாகும்.

குளிர்சாதனமும் கம்பிகளும்

மீகடத்திக் கியூபிட் ஒன்று ஏறத்தாழ 5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்குகின்றது. அம்மீடிறனுக்கு ஒத்த வெப்பநிலை தனிப்பூச்சியத்துக்கு மேல் வெறும் 0.24 கெல்வின் ஆகும். சூழல் அதைவிட மிகக் குளிர்ந்திராவிடின், கணனி கட்டளையிடாமலேயே வெப்பம் கியூபிட்டை 0 இலிருந்து 1 இற்குத் தூண்டிவிடும். ஆகவேதான் சிப் 10 முதல் 20 மில்லிகெல்வின் வரையான வெப்பநிலையில் வைக்கப்படுகின்றது. விண்வெளியின் பின்னணி வெப்பநிலை 2.7 கெல்வின் என்பதை நோக்கும்போது இதன் கடுமை விளங்கும்.

இக்குளிரை அளிப்பது ஈலியம்-3, ஈலியம்-4 ஆகிய இரு சமதானிகளின் கலவையாகும். ஒன்று மற்றொன்றினுள் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும் இயல்பை இச்சாதனம் பயன்படுத்துகின்றது. சரவிளக்கின் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு வெப்பநிலைக்குரியது. மேல் தட்டு 50 கெல்வின் அளவிலும் அடுத்தது 4 கெல்வின் அளவிலும் இருக்க, கீழே செல்லச் செல்லக் குளிர் கூடுகின்றது. சாதாரண வெப்பநிலையிலிருந்து அடித்தட்டு இந்நிலையை எய்த நாட்கணக்கில் செல்லக்கூடும். ஈலியம்-3 இயற்கையில் மிக அரிதானது, 12.3 ஆண்டு அரைவாழ்வுக் காலமுள்ள திரிதியத்தின் தேய்விலிருந்தே பெரும்பாலும் பெறப்படுகின்றது. அணுவாயுதங்களின் பொருட்டு உற்பத்தி செய்யப்பட்ட திரிதியமே அதன் முக்கிய மூலமாக இருந்து வந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

கம்பிகள் சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் கம்பியொவ்வொன்றும் வெளியிலிருந்து வெப்பத்தையும் இரைச்சலையும் உள்ளே கொண்டுவருகின்றது. எனவே சமிக்ஞை கீழிறங்கும் ஒவ்வொரு தட்டிலும் அதனைத் தணிக்கும் சாதனங்கள் பொருத்தப்படுகின்றன. கியூபிட்டிலிருந்து மேலெழும் சமிக்ஞை மிக நலிந்ததாகையால் அதனைப் பெருக்கும் விரியலாக்கிகளும் குளிரிலேயே வைக்கப்படுகின்றன. கியூபிட்டுக்கு ஒன்று இரண்டென்று கம்பிகள் வேண்டியிருக்கும்வரை, ஒரு மில்லியன் கியூபிட்களை ஒரே குளிர்சாதனத்தினுள் அடக்குவது இயலாத காரியமாகும்.

கட்டுப்படுத்தும் சாதாரண கணனி

குவாண்டம் கணனியில் சாதாரண கணனிக்கு இடமில்லை என எண்ணுவதும் தவறானதே. குளிர்சாதனத்தின் அருகே நிற்கும் இலத்திரனியல் அலுமாரிகளே நுண்ணலைத் துடிப்புகளை உருவாக்குகின்றன. ஒரு தர்க்கப் படலை என்பது இங்கு சிப்பில் பொறிக்கப்பட்ட ஒரு பொருளன்று. குறித்த மீடிறனும் உருவமும் கால அளவும் கொண்ட ஒரு துடிப்பேயாகும். ஒவ்வொரு கியூபிட்டின் மீடிறனும் சிறிது வேறுபடுவதாலும், அது நாளுக்கு நாள் மாறக்கூடியதாலும், ஒரு வீணைக்குச் சுருதி கூட்டுவதைப் போல் மீண்டும் மீண்டும் அளவுத்திருத்தம் செய்யப்படல் வேண்டும். சாதாரண கணனியில் இயங்கும் மென்பொருளே இப்பணியையும் மேற்கொள்கின்றது.

வழுவும் அதன் திருத்தமும்

இனி இத்தொகுதியின் மிகப் பலவீனமான இடத்துக்கு வருவோம். ஆயிரம் படலைகளுக்கு ஒன்று பிழைக்கின்றது என வைத்துக்கொள்வோம். அது இன்றைய தரத்தில் நல்ல சிப்பாகும். ஆயிரம் படலைகள் கொண்ட ஒரு நிரல் வழுவேதுமின்றி நிறைவுறும் வாய்ப்பு அச்சிப்பில் ஏறத்தாழ 37 சதவீதம். ஐயாயிரம் படலைகளாயின் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. பயனுள்ள பெருங்கணக்குகளுக்கோ பில்லியன் கணக்கான படலைகள் வேண்டும். ஆகவே கியூபிட்களை ஆயிரமாகவும் பத்தாயிரமாகவும் பெருக்கினாலும் வழு குறையாவிடின் பயனில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 2023ஆம் ஆண்டில் 1,121 கியூபிட்கள் கொண்ட கொண்டோர் சிப்பையும், 133 கியூபிட்கள் மட்டும் கொண்ட ஹெரோன் சிப்பையும் ஒருங்கே அறிவித்தது. அதன் பின்னர் அந்நிறுவனத்தின் கணனிகளில் முதலிடம் பெற்றது, எண்ணிக்கையில் சிறிய, ஆனால் வழு குறைந்த ஹெரோன் வரிசையே.

சாதாரண கணனியில் ஒரு பிட்டை மூன்று பிரதிகளாக வைத்து, பெரும்பான்மை காட்டும் விடையை ஏற்கலாம். அறியப்படாத குவாண்டம் நிலையொன்றைப் பிரதியெடுக்க இயலாது என்பது 1982இலேயே நிறுவப்பட்டுவிட்டதால் அவ்வழி இங்கு அடைபட்டுள்ளது. பீற்றர் ஷோர் 1995இல் மாற்று வழியொன்றைக் காட்டினார். ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பது கியூபிட்களின் பின்னலில் பரப்பிவைத்து, அத்தகவலைப் பாராமலேயே வழு நேர்ந்த இடத்தை மட்டும் அறிவதே அவ்வழியாகும். இவ்வாறு பல பௌதிகக் கியூபிட்கள் சேர்ந்து பாதுகாக்கும் ஒன்று தர்க்கக் கியூபிட் எனப்படுகின்றது.

இம்முயற்சி நீண்ட காலம் பயனளிக்கவில்லை. திருத்தத்துக்கெனச் சேர்க்கப்பட்ட கியூபிட்களே திருத்தியதைவிடக் கூடுதலான வழுக்களைக் கொணர்ந்தன. 105 கியூபிட்கள் கொண்ட வில்லோ சிப்பை கூகிள் 2024 டிசம்பரில் அறிவித்தபோது கவனத்துக்குரியதாயிருந்தது எண்ணிக்கையன்று. பாதுகாப்புக் குறிமுறையின் அளவை ஒவ்வொரு படியாகப் பெருப்பித்தபோது தர்க்க வழு ஒவ்வொரு தடவையும் பாதிக்கும் கீழாகக் குறைந்தது என்பதே அதன் முக்கியத்துவம். அதிலும் 101 கியூபிட்கள் சேர்ந்து நினைவில் தாங்கியது ஒரேயொரு தர்க்கக் கியூபிட்டையே. நாம் எந்தக் கட்டத்தில் நிற்கின்றோம் என்பதை இவ்வொரு தகவலே உணர்த்தும்.

மென்பொருளின் அடுக்குகள்

மென்பொருளின் உச்சியில் இருப்பது படிமுறை. அல்கொரிதம் என உலகம் வழங்கும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். பேரெண்களைக் காரணிப்படுத்தும் ஷோரின் படிமுறை 1994இலும், ஒழுங்கற்ற தரவுகளிடையே ஒன்றைத் தேடும் குரோவரின் படிமுறை 1996இலும் வெளிவந்தன. மில்லியன் பதிவுகளில் ஒன்றைத் தேட ஏறத்தாழ ஆயிரம் படிகள் போதும் என்பது, இந்தியாவிற் பிறந்த லவ் குரோவர் காட்டிய உண்மையாகும்.

படிமுறையை எழுத நிரலாக்கக் கருவிகள் உள்ளன. ஐ.பி.எம். நிறுவனத்தின் கிஸ்கிட் 2017இலும், கூகிளின் சேர்க் 2018இலும் திறந்த மூல மென்பொருள்களாக வெளியிடப்பட்டன. இரண்டும் பைதன் மொழியில் பயன்படுத்தப்படுகின்றன. எழுதப்பட்ட நிரலை வன்பொருளுக்கேற்ப மாற்றியமைப்பது தொகுப்பானின் பணி. பல சிப்களில் ஒரு கியூபிட் தன் அயலவையுடன் மட்டுமே இணைந்திருக்கும். தொலைவிலுள்ள இரண்டை இணைக்க வேண்டுமாயின் அவற்றின் நிலைகளை இடைவழிக் கியூபிட்களூடாக மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். அவ்வாறான ஒவ்வொரு மாற்றுகையும் பொதுவாக மூன்று படலைகளை விழுங்குகின்றது. திறமையற்ற தொகுப்பான் நல்ல சிப்பையும் பயனற்றதாக்கிவிடும். அதற்குக் கீழே துடிப்புகளை வரையறுக்கும் மென்பொருளும், வழுவின் தடயங்களைப் படித்து மைக்ரோசெக்கன் கணக்கில் தீர்ப்பளிக்க வேண்டிய குறிவிலக்கியும் உள்ளன. கணிப்பு ஓடுகின்ற வேகத்துக்கு இக்குறிவிலக்கி ஈடுகொடுக்காவிடின் தீர்க்கப்படாத வழுக்கள் தேங்கிவிடும்.

எமக்கும் இதற்கும் என்ன?

இத்தகைய குளிர்சாதனமொன்றை வாங்கி இயக்குவது எமது நாட்டைப் போன்ற சிறிய நாடொன்றுக்கு எளிதன்று. எனினும் இரு காரணங்களால் இவ்விடயம் எம்மைத் தீண்டாமல் செல்லப்போவதில்லை.

முதலாவது, பூட்டுகள். இணையத்தில் வங்கிக் கணக்குகளையும் அரச ஆவணங்களையும் காத்துநிற்கும் மறைகுறியாக்கத்தின் பெரும்பகுதி, பேரெண்ணைக் காரணிப்படுத்துவது போன்ற சில கணக்குகளின் கடினத்தையே நம்பியுள்ளது. ஷோரின் படிமுறை அக்கடினத்தைத் தகர்த்துவிடும். 2,048 பிட் நீளமான அத்தகைய திறவுகோல் ஒன்றை உடைக்க 20 மில்லியன் கியூபிட்கள் தேவை என 2019இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். 2025இல் வெளியான மதிப்பீடோ ஒரு மில்லியனுக்கும் குறைவான கியூபிட்களும் ஒரு வாரத்துக்குட்பட்ட காலமும் போதும் என்கின்றது. வன்பொருள் பெருகாத வேளையிலும் மென்பொருள் அறிவு மட்டுமே இலக்கை இருபதிலொரு பங்காகக் குறைத்துவிட்டது என்பது சிந்திக்க வேண்டியதாகும்.

அத்தகைய கணனி இன்னும் எங்கும் இல்லை. ஆயினும் இன்று மறைகுறியிட்டு அனுப்பப்படும் தரவைப் பதிவுசெய்து வைத்து, கணனி வந்த பின்னர் திறந்து பார்ப்பதைத் தடுக்க எவராலும் இயலாது. வங்கிப் பரிமாற்றமொன்றின் இரகசியம் சில நாட்களில் முக்கியத்துவம் இழந்துவிடலாம். ஒருவரின் மருத்துவ அறிக்கை, அடையாள விபரம், அச்சத்தின் மத்தியில் அளிக்கப்பட்ட சாட்சியம் ஆகியவற்றின் இரகசியம் பல தசாப்தங்களுக்குக் காக்கப்பட வேண்டியது. அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிறுவகம் குவாண்டம் கணனியையும் தாங்கக்கூடிய மூன்று புதிய மறைகுறியாக்கத் தரநிர்ணயங்களை 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டுள்ளது. அவை சாதாரண கணனியிலேயே இயங்குபவை. அவற்றுக்கு மாறுவதற்குக் குளிர்சாதனம் வேண்டியதில்லை. திட்டமிடலும் காலமுமே வேண்டும். எந்த ஆவணம் எந்தப் பூட்டினால் காக்கப்படுகின்றது என்ற பட்டியலைத் தயாரிப்பதே அதன் முதற்படியாகும். பிறருடைய தரவைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இப்பட்டியலை இப்போதே தொடங்குதல் நன்று.

இரண்டாவது, வாய்ப்பு. ஐந்து கியூபிட்கள் கொண்ட கணனியொன்றை ஐ.பி.எம். 2016 மே மாதத்தில் இணையத்தின் வழியே பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அன்று முதல் இத்துறையின் கதவு ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் திறந்தேயுள்ளது. ஏறத்தாழ 25 கியூபிட்கள் கொண்ட சுற்றொன்றைச் சாதாரண மடிக்கணனியிலேயே போலச்செய்து பார்க்க முடியும். படிமுறை, தொகுப்பான், வழுத்திருத்தம் ஆகிய மூன்றிலும் இன்று நிலவும் குறைபாடு உபகரணங்களின் குறைபாடன்று. கணிதம் அறிந்தோரின் குறைபாடாகும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயிலும் மாணவருக்கு இதற்கான முதற்கருவிகளான சிக்கலெண்ணும் தாயமும் நிகழ்தகவும் அந்நியமானவையல்ல. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ புத்தளத்திலோ இருக்கும் ஓர் ஆசிரியர், திறந்த மூல மென்பொருளொன்றைத் தரவிறக்கி, இரு கியூபிட்களைப் பின்னிப் பார்க்கும் பயிற்சியை மாணவருக்குக் காட்டலாம்.

அடுத்த தடவை அப்பொன்னிறச் சரவிளக்கின் படம் வெளிவரும்போது, எத்தனை கியூபிட்கள் என்று மட்டும் வினவாதிருப்போம். எத்தனை படலைகளுக்கு ஒரு வழு, எத்தனை தர்க்கக் கியூபிட்கள், எந்தக் கணக்கை அது தீர்த்தது, அக்கணக்கைச் சாதாரண கணனி தீர்க்க எவ்வளவு காலம் செல்லும் ஆகிய நான்கு வினாக்களையும் சேர்த்தே எழுப்புவோம். இவற்றுக்கு விடை தராத அறிவிப்பு, அதிலுள்ள எண் எவ்வளவு பெரிதாயினும், விளம்பரத்தின் எல்லையைத் தாண்டியதாகாது.